அத்தா கீரி திரும்பி வந்த படம்

1

போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், தியேட்டரில் வைத்து என் மகள் என்னை அதட்டினாள்.

"அம்மா, பேசாதீங்க. எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க."

நான் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த மகனின் காதில் கதை சொல்லிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். படம் ஆங்கிலத்தில் ஓடியது. அவனுக்கு என்னைவிட நன்றாக ஆங்கிலம் தெரியும். யாரும் கதை சொல்ல வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் திரையில் அந்தப் பிராணிகள் வரிசையாகத் தண்ணீரிலிருந்து தலை தூக்கியதும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெயர் ஹாஜிரா. கூத்தாநல்லூரில் பிறந்தவள். கல்யாணமாகிப் பதினாறு வருடமாக இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன நகரத்தில் இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாக நோயாளிகளுக்குச் சாப்பாட்டுத் தட்டு கொண்டுபோகும் வேலை. மகள் சமீராவுக்குப் பதினான்கு வயது, மகன் இர்ஃபானுக்கு ஒன்பது. எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்போம். பிள்ளைகளின் அத்தா சலீம், லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் மெக்கானிக். வேலை விஷயமாக ஸ்காட்லாந்தில் இருக்கிறார்.

நடிகர் நடிகை யாருக்கும் நான் ரசிகையாக இருந்ததில்லை. இந்த ஒரு கார்ட்டூனுக்கு மட்டும் முப்பத்தைந்து வருடமாக ரசிகை. அதைப் புதிதாக எடுத்திருக்கிறார்கள் என்று ஷார்ஜாவில் இருக்கும் அண்ணன் ரபீக்தான் முதலில் சொன்னான். போஸ்டரை அனுப்பி, கீழே "கீரி வருதுடி!!!!" என்று எழுதியிருந்தான். ஐம்பதை நெருங்குகிற மனிதன், நாலு ஆச்சரியக்குறி போட்டிருந்தான். நான் வார்டில் நின்றுகொண்டே சிரித்தேன். அன்று கூட வேலை பார்க்கும் பெண்ணிடம், சனிக்கிழமை பிள்ளைகளோடு கீரிப் படத்துக்குப் போகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் அப்படி ஒரு படமே வரவில்லையே என்றாள். வீட்டுக்கு வந்து சமீராவிடம் கேட்டபோதுதான் தெரிந்தது, அவை கீரி இல்லை, நீர்நாய். முப்பத்தைந்து வருடம் நீர்நாயைக் கீரி என்று நினைத்திருக்கிறேன்.

"அம்மா, ப்ளீஸ், இத என் ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி சொல்லிடாதீங்க" என்றாள் சமீரா.

2

அந்தக் கேசட் எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

அப்போது எனக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பதினொன்று. என் அத்தா குவைத்தில் ஒரு கடையில் வேலை பார்த்தார்கள். முந்தைய தடவை லீவில் வந்தபோது ஒரு வீடியோ டெக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஊர்க்காரர் ஒருவர் தங்கை கல்யாணத்துக்காகக் குவைத்திலிருந்து வந்தார். அவர் வந்து இறங்கிய மூன்றாம் நாள் அங்கே சண்டை வந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். அதற்கு மறுநாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, அத்தா கொடுத்துவிட்ட பையை வைத்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனார். பையில் துணியும் சோப்பும் ஒரு வீடியோ கேசட்டும் இருந்தன.

குவைத் டிவியில் ஓடியதை அத்தா எங்களுக்காகப் பதிவு செய்து அனுப்பியிருந்தார்கள். வெளிநாட்டுக் கார்ட்டூன், அரபியில் பேசியது. ஆற்றங்கரையில் ஒரு குடும்பம்: அத்தா, அம்மா, நாலு குட்டிகள். அவை வாலிபால் ஆடும். எதிரில் ஆமைகளும் முதலைகளும் கலந்த பெரிய டீம். ஜெயித்தால்தான் அந்த ஆற்று வளைவில் குடியிருக்கலாம். இவ்வளவும் பார்த்தாலே புரிந்தது. என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது மட்டும் புரியவில்லை.

அதனால் அம்மாவைக் கூப்பிட்டோம். அம்மா தினமும் விடியற்காலையில் சுபுஹ் தொழுதுவிட்டுக் குர்ஆன் ஓதுவார்கள். அரபி எழுத்து தண்ணீர்போல ஓடும். அதனால் அம்மாவுக்கு அரபி தெரியும் என்று நாங்கள் உறுதியாக நம்பினோம். ஓதத் தெரிவது வேறு, அர்த்தம் தெரிவது வேறு என்பது அந்த வயதில் யாருக்குத் தெரியும்?

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். படம் ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் அந்த இடம் வந்தது. மழை பெய்கிறது. அத்தா கீரி ஆற்றில் இறங்குகிறது. அடுத்த காட்சியில் அம்மாவும் குட்டிகளும் கரையில் நிற்கிறார்கள், ஆற்றில் இலைகளைப் போடுகிறார்கள், ஒரு பாட்டு வருகிறது.

"அத்தா கீரி எங்கம்மா போவுது?" என்று நான் கேட்டேன்.

அம்மா கொஞ்ச நேரம் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, "சபர் போவுது" என்றார்கள். வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போவதை எங்கள் ஊரில் சபர் என்போம்.

"ஆத்துலயா போவும்?"

"ஆறு எங்க போயி விழுது? கடல்ல. கடலுக்கு அந்தப் பக்கம்தான் குவைத்து. எல்லாரும் வழியனுப்ப வந்திருக்காங்க, பாரு."

அதிலிருந்து அம்மா எல்லாவற்றுக்கும் பேச்சுக் கொடுத்தார்கள். மூத்த கீரி சோம்பேறி, மூன்றாவது வாயாடி. நடுவில் ஒரு பால் பவுடர் விளம்பரம் வரும். அதையும் விடவில்லை, அத்தா கீரி அனுப்பிய பால் பவுடர் அது என்றார்கள். கடைசி ஆட்டத்தில் குடும்பம் தோற்கப்போகும் நேரத்தில், நரைத்த முகத்தோடு பெரிய கீரி ஒன்று ஆற்றிலிருந்து ஏறி வரும். அம்மா கீரி அதைப் பார்த்து அப்படியே நிற்கும். அது வந்து ஒரே ஒரு பந்து அடிக்கும். ஜெயித்துவிடுவார்கள்.

"அத்தா கீரி வந்துடுச்சு!" என்று அண்ணன் கத்துவான். ஒவ்வொரு தடவையும் கத்துவான்.

"மொகம் ஏம்மா வெள்ளையாயிடுச்சு?"

"அலைச்சல்ல அப்படித்தான் ஆவும்."

அத்தாவிடமிருந்து கடிதம் இல்லை. தபால்காரர் எங்கள் வாசலைக் கடக்கும்போது சைக்கிளை வேகமாக மிதித்தார். நானும் அண்ணனும் கொல்லையில் இரண்டு தென்னை மரத்துக்கு நடுவில் கொடிக்கயிறு கட்டி வாலிபால் ஆடினோம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கேசட்டைப் போடுவோம். மூன்று மாதம் கழித்து, ஐப்பசி மழையில், அத்தா நீடாமங்கலம் ஜங்ஷனில் வந்து இறங்கினார்கள். பாலைவனத்தில் கூடாரத்தில் கிடந்து, பஸ்ஸில் போய், விமானத்தில் பம்பாய் வந்து, அங்கிருந்து ரயில். யாரோ கொடுத்த சட்டை போட்டிருந்தார்கள், தோளைவிட்டு வழிந்துகொண்டிருந்தது. தாடி நரைத்திருந்தது. அண்ணன் என் காதில், "அம்மா சொன்ன மாதிரியேடி" என்றான்.

3

புதுப் படத்தைப் பற்றிச் சொல்கிறேன். ரசிகையின் கோபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோபப்படவும் இப்போதெல்லாம் தெம்பு இல்லை, அலுப்பு என்றே சொல்லலாம்.

ஒவ்வொரு ரோமமும் தனித்தனியாகத் தெரிகிறது. தண்ணீர் நிஜத் தண்ணீர்போல இருக்கிறது. ஆனால் ஆறு இல்லை. பெரிய ஸ்டேடியம் கட்டி, விளக்கு போட்டு, பத்தாயிரம் பிராணிகளை உட்கார வைத்திருக்கிறார்கள். பழைய படத்தில் மழையில் ஆடும் ஒரு ஆட்டம் வரும். பந்து நனைந்து கனமாகிவிடும், குட்டிகளால் தூக்கவே முடியாது. யாரும் பேசமாட்டார்கள், மழைச் சத்தம் மட்டும் கேட்கும். புதியதில் மழையே பெய்யவில்லை. நிமிடத்துக்கு ஒரு ஜோக். குட்டிகள் செல்போன் விளையாட்டுக்குள் மாட்டிக்கொண்டு, அதற்குள்ளேயே பாதிப் படம் ஓடுகிறது. மூத்த குட்டி, நான் சோம்பேறி என்று முப்பத்தைந்து வருடம் நேசித்த அந்தக் குட்டி, இதில் உடற்பயிற்சி செய்கிறது.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஒன்றைத்தான் தாங்கமுடியவில்லை. அத்தா எங்கேயும் போகவில்லை. ஏப்ரன் கட்டிக்கொண்டு படம் முழுக்க வீட்டிலேயே இருக்கிறது. குட்டிகளைக் கட்டிப்பிடிக்கிறது, தோற்றால் ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறது, கடைசி ஆட்டத்தில் ஓரத்தில் நின்று கைதட்டுகிறது. போகாத ஆள் எப்படித் திரும்பி வரும்? நான் இர்ஃபானின் காதில், "இப்ப பாரு, அத்தா கீரி சபர் போவும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அது போகவே இல்லை. அப்போதுதான் சமீரா அதட்டினாள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். தூறல். "எப்படிடா இருந்துச்சு?" என்று இர்ஃபானிடம் கேட்டேன்.

"சூப்பர்மா. அதுல அத்தா கூடவே இருக்காரு" என்றான். பிறகு, "நம்ம அத்தா ஸ்காட்லாந்துலேருந்து எப்ப வருவாரு?"

"வேலை முடிஞ்சதும் வருவாங்க."

சமீரா சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேலே ஒரு பொய் எழுதியிருக்கிறேன், அதை இங்கேயே சரி செய்துவிடுகிறேன். சலீம் ஸ்காட்லாந்தில் இல்லை. நாங்கள் இருக்கும் இதே நகரத்தில், ஆற்றுக்கு அந்தப் பக்கம், பஸ்ஸில் இருபத்தைந்து நிமிட தூரத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். பதினொரு மாதமாகிறது. அடிதடி இல்லை, வேறு பெண் இல்லை. அவருக்கு மாறி மாறி ஷிஃப்ட், எனக்கு மாறி மாறி ஷிஃப்ட். சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போகும் இரண்டு ஆட்களாகிவிட்டோம். பிறகு பேசினாலே கசந்தது. ஒருநாள் அவர், "நான் தனியா இருந்துக்கிறேன் ஹாஜிரா" என்றார். போகாதீங்க என்று நான் சொல்லவில்லை. அவருடைய கம்பெனி முன்பு இரண்டு மாதம் அவரை நிஜமாகவே ஸ்காட்லாந்துக்கு அனுப்பியிருந்தது. அதனால் இர்ஃபானிடம் அதையே சொன்னோம். சமீராவிடம் பாதி சொன்னோம், மீதியை அவளே தெரிந்துகொண்டாள். ஊரில் அம்மாவிடமும் ஸ்காட்லாந்து என்றே சொன்னோம்.

முதலில் உண்மையைச் சொன்னது நகராட்சியிடம்தான். வீட்டு வரிக்கு ஒரு படிவம் வந்தது. இந்த வீட்டில் வசிக்கும் பெரியவர்கள் எத்தனை பேர்? நான் இரண்டு என்று எழுதி அனுப்பினேன். அடுத்த மாதம் சலீம் தன் புது முகவரியைப் பதிவு செய்தபோது, இரண்டு கணக்கும் இடிக்கிறது என்று கடிதம் வந்தது. போன் செய்தேன். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்கவைத்த பிறகு ஒரு பெண் வந்து, "உங்கள் கணவர் உங்களோடு இருக்கிறாரா, இல்லையா?" என்று அன்பாகக் கேட்டாள். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் நேராகக் கேட்டதில்லை. "இல்லை" என்றேன். அவள் நன்றி சொல்லி, திருத்திவிட்டதாகச் சொன்னாள். பெற்ற தாய்க்குத் தெரியாதது நகராட்சிக்குத் தெரிந்துவிட்டது.

4

நான் தியேட்டரிலிருந்து வந்து மூன்று நாள் புலம்பினேன் போலிருக்கிறது. எப்போதும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு திரியும் சமீரா, செவ்வாய்க்கிழமை நான் வேலை முடிந்து வந்து உட்கார்ந்ததும், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"உங்க பழைய படம் கெடச்சிருச்சு. ஃபுல்லா இருக்கு. ஆங்கிலத்துல கீழ எழுத்தும் வருது. பாக்கலாமா?"

அவள் என்னோடு உட்கார்ந்து எதையாவது பார்த்து எத்தனையோ மாதமாகிறது. கால் வலியை மறந்து நகர்ந்து இடம் கொடுத்தேன். இர்ஃபான் நீச்சல் வகுப்புக்குப் போயிருந்தான்.

இங்கே வந்த புதிதில், வார்டில் ஒரு கிழவர் தனக்கு இன்னும் 'டீ' வரவில்லை என்றார். நான் சர்க்கரை போட்டு ஒரு கப் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். அரை மணி கழித்து மறுபடியும் டீ கேட்டார், மறுபடியும் கொடுத்தேன். இந்தப் பக்கத்தில் சாயங்காலச் சாப்பாட்டுக்கே டீ என்றுதான் பெயர் என்று எனக்குத் தெரியாது. பாவம், அந்த மனிதர் பசியோடு இரண்டு கப் டீ குடித்தார். ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டால் அரை மணியில் தெரிந்துவிடும் என்று அன்று நினைத்தேன். சில சமயம் முப்பத்தைந்து வருடமும் ஆகும்.

படம் ஆரம்பித்தது. நிறம் மங்கியிருந்தது. அரபி இல்லை, வேறு ஏதோ மொழி. அத்தா கீரி ஆற்றில் இறங்கியது. இலைகள் மிதந்தன. பாட்டு வந்தது. கீழே எழுத்து ஓடியது. நான் மெதுவாகப் படிக்கிறவள், சமீரா படித்துவிட்டாள்.

"அம்மா, அது செத்துப்போச்சு."

"இல்லடி. சபர் போவுது."

"வெள்ளத்துல மாட்டின குட்டியக் காப்பாத்தப் போயி செத்துப்போச்சு. இது அடக்கம் பண்ற பாட்டு. நீங்களே படிங்க."

திரும்ப ஓட்டிக் காட்டினாள். படித்தேன். தண்ணீர் உன்னை வைத்துக்கொள்ளட்டும், நாங்கள் கரையில் இருக்கிறோம் என்ற மாதிரி இரண்டு வரி.

மிச்சப் படத்தையும் பார்த்தோம். விளம்பரம் வரவேண்டிய இடத்தில் விளம்பரம் இல்லாதது என்னமோ போலிருந்தது. கடைசி ஆட்டத்தில் நரைத்த முகத்தோடு அந்தப் பெரிய பிராணி ஏறி வந்தது. அம்மா நீர்நாய் அதைப் பார்த்து நின்றது. அது பேசியதைச் சமீரா வாய்விட்டே படித்தாள். "'நான் உன் புருஷனோட சின்ன வயசுல ஆடினவன். அவனுக்காக ஒரு பந்து அடிச்சுட்டுப் போறேன்.' இது வேற ஆளும்மா. யாரோ ஃப்ரெண்டு."

நான் அழவில்லை. முட்டாள்தனமாக, அண்ணனுக்கு இதை எப்படிச் சொல்வது என்றுதான் முதலில் தோன்றியது.

சமீரா லேப்டாப்பை மூடினாள். "ஊரம்மா உங்ககிட்ட பொய் சொல்லியிருக்காங்க" என்றாள். ஊரில் இருக்கும் என் அம்மாவைப் பிள்ளைகள் ஊரம்மா என்பார்கள். நான் பதில் தேடுவதற்குள் அவளே தொடர்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"நீங்களும் அதேதான் பண்றீங்க. இர்ஃபான் தெனமும் ஸ்காட்லாந்து வெதர் பாக்குறான், தெரியுமா? அங்க மழைன்னா அத்தா கோட் எடுத்துட்டுப் போனாரான்னு எங்கிட்ட கேக்குறான். நான் என்ன சொல்றது? நானும் பொய் சொல்றேன். எனக்கு அலுத்துப்போச்சும்மா."

பதினான்கு வயதுப் பெண் அலுத்துப்போச்சு என்கிறாள். அதுவும் சுத்தமான தமிழில்.

5

அடுத்த நாள் எனக்கு விடுமுறை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே மதியம் மூன்று மணி. அண்ணன் ஷார்ஜாவில், அத்தா இறந்து ஆறு வருடமாகிறது, அம்மா மட்டும் அந்த வீட்டில். போனில் முகத்துக்குப் பதிலாக எப்போதும்போல விட்டத்து ஃபேன்தான் தெரிந்தது.

"அம்மா, கீரிப்படம் ஞாபகமிருக்கா?"

"ஏன் இல்லாம? நீயும் ஒங்கண்ணனும் தேய்ச்ச தேய்ப்புல அந்த டேப்பே நஞ்சுபோச்சே."

"அதுல அத்தா கீரி செத்துப்போவுதாம்மா. நேத்துதான் தெரியும்."

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஆமா" என்றார்கள் அம்மா.

"உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"பாத்தாத் தெரியாதா? புள்ளைங்க தலையக் குனிஞ்சு நிக்குது, பொம்பள தனியா நிக்கிறா. மய்யித்து வூடு எனக்குத் தெரியாதா? அதுக்கு அரபி படிக்கணுமா?"

"அப்புறம் ஏம்மா?"

"நீ எட்டு வயசுப் புள்ள. அது எங்க போவுதுன்னு கேட்ட. ஒங்கத்தா உசுரோட இருக்காங்களா இல்லையான்னு எனக்கே தெரியாது. அவங்களே புடிச்சு அனுப்பின படம். மவுத்தாப் போச்சுன்னு எப்படி என் வாயால சொல்லுவேன்? சபர்னு வாயில வந்துச்சு. சொல்லிட்டேன்."

போனை நிமிர்த்தி வைத்தார்கள் போல. பாதி முகம் தெரிந்தது.

"சொன்னப்புறம் எனக்கே அந்தக் கதை வேணும்னு ஆயிடுச்சு. நீங்க பள்ளிக்கூடம் போனப்புறம் நானே போட்டுப் பாப்பேன். மொதல்லேருந்து இல்ல. கடைசியில அது வர்ற எடத்த மட்டும்."

இதை என் அம்மா முப்பத்தைந்து வருடத்தில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

"ஒங்கத்தா வந்துட்டாங்க, தப்பிச்சேன். வராமப் போயிருந்தா ஒங்க ரெண்டு பேரு மொகத்துலயும் எப்படி முழிச்சிருப்பேன்? அந்த மூணு மாசமும் குண்டு விழுறதவிட எனக்கு அதான் பயம்." பிறகு, "ஆமா, மாப்ள எப்ப வர்றாங்க? ஒரு வருசம் ஆவப்போவுதே" என்றார்கள்.

வேலை முடிந்ததும் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தனி அறை, பஸ் தூரம், விவாகரத்துக்கு ஜமாத்திடம் இன்னும் போகாதது, போவோமா என்று இரண்டு பேருக்குமே தெரியாதது.

"எத்தன மாசம்?"

"பதினொன்னும்மா."

"பதினோரு மாசமா மாப்ள நல்லா இருக்காருன்னு சொல்லிக்கிட்டிருந்தியா?"

"நல்லாத்தாம்மா இருக்காரு."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார்கள். வியர்வையா வேறு ஏதாவதா என்று அந்தச் சின்னத் திரையில் தெரியவில்லை. திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். ஊர் என்ன சொல்லும் என்று கேட்பார்கள் என்று நினைத்தேன்.

"எங்கிட்ட சொல்லாதது போவட்டும்" என்றார்கள். "அந்தப் பையங்கிட்ட சொல்லிடு. ஒங்கத்தா வருவாங்களா மாட்டாங்களான்னு எனக்குத் தெரியாதும்மா. தெரியாமச் சொன்னேன். ஒனக்குத் தெரியுமுல்ல?"

6

சொல்வதற்கு இன்னும் ஐந்து நாள் எடுத்துக்கொண்டேன். முதலில் சலீமுக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை சொல்லப்போகிறேன் என்றேன். "நான் வந்து சொல்லட்டுமா?" என்று கேட்டார். வரட்டும் என்றும் தோன்றியது, வேண்டாம் என்றும் தோன்றியது. "நான் சொல்றேன். அப்புறம் உங்ககிட்ட பேசுவான்" என்றேன்.

ஞாயிறு காலை, தோசை சாப்பிட்டு முடித்ததும், சமீராவும் பக்கத்தில் இருக்க, இர்ஃபானிடம் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அத்தா இதே ஊரில்தான் இருக்காங்க, தனியா இருக்காங்க, நம்மோட இருக்கத் திரும்பி வரமாட்டாங்க, உன்மேல கோபமில்லை. இப்படி நாலே வரி. சொல்லும்போது என் குரல் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு மெனு படிக்கிற குரல்போல இருந்தது.

அவன் கேட்ட முதல் கேள்வி எதிர்பாராதது.

"அப்ப ஸ்னோ பெய்யுதுன்னாரே? போன வாரம் போன்ல சொன்னாரே?"

"அது... போன்ல வெதர் பாத்துட்டுச் சொல்லியிருப்பாங்க."

"நானும் அதேதான் பாத்தேன்" என்றான். முகம் சுருங்கியது. "ரெண்டு பேரும் ஒரே வெதரப் பாத்துக்கிட்டிருந்தோம்."

மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டோடு மேலே எடுத்துப்போனான். அத்தாவின் போனையும் எடுக்கவில்லை. சமீராதான் அவன் அறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து ஏதோ பாடம் படித்துக்கொண்டிருந்தாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த மூன்று நாளும் நான் வார்டில் இரண்டு பேருக்குத் தட்டை மாற்றிக் கொடுத்தேன். ஒருவர் சர்க்கரை நோயாளி. நல்லவேளை, நர்ஸ் பார்த்துவிட்டாள்.

புதன்கிழமை மாலை இர்ஃபான் கீழே வந்து, என் போனைக் கேட்டு வாங்கி, அத்தாவை அவனே கூப்பிட்டான். என் எதிரிலேயே பேசினான். "எனக்கு ஒங்க வீட்டப் பாக்கணும்" என்றான். போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

சனிக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனார்கள். நான் வீட்டைக் கூட்டினேன், துவைத்தேன், பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லாமல் சோபாவில் சாய்ந்தேன். கண் விழித்தபோது நாலு மணி நேரம் போயிருந்தது. இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து பகலில் அப்படி நான் தூங்கியதில்லை. கதவைத் திறந்துகொண்டு இர்ஃபான் உள்ளே வந்தான். ஷூவைக் கழற்றிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னான்:

"அத்தா வீட்ல ஒரே ஒரு சேர்தான் இருக்கு. நாங்க கட்டில்ல ஒக்காந்து சாப்பிட்டோம்."



நேற்று மறுபடியும் சனிக்கிழமை. பின்கட்டு ஷெட்டில் இரண்டு மடக்கு நாற்காலிகள் கிடந்தன. இர்ஃபானே தேடி எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, வாசலில் சாய்த்து வைத்திருந்தான். ஒன்றைச் சமீரா தூக்கிக்கொண்டாள், ஒன்றை அவன். அவனுக்கு அது தோள் உயரம். பஸ் நிறுத்தம்வரை நான் கூடப் போனேன். தூக்கித் தரட்டுமா என்றேன், வேண்டாம் என்றான்.

பஸ் வந்தது. ஓட்டுநர் நாற்காலிகளைப் பார்த்துச் சிரித்து, பஸ்ஸில் சீட் இருக்கிறதே, சொந்தச் சீட்டா கொண்டுவருகிறாய் என்று கேட்டார். சமீரா வெட்கத்தில் தலையைக் குனிந்தாள். இர்ஃபான் நாற்காலியை இரண்டு கையாலும் படியில் ஏற்றி வைத்துவிட்டு, ஆங்கிலத்தில், பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்:

"இது எங்க அத்தா வீட்டுக்கு. அவர் தனியா இருக்காரு."

ஓட்டுநர் தலையாட்டினார். கதவு மூடிக்கொண்டது.